பிரான்ஸ்ஹுக்கின் மறுமலர்ச்சியும் காணி உறுதியில் இல்லாத பெயர்களும்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்னாபிரிக்காவைச் சேர்ந்த வெள்ளையினத்தவர்களின் குழுவொன்று அகதிகளாக ஐக்கிய அமெரிக்காவைச் சென்றடைந்தது. அவ்வருடம் ஜனவரியில் பதவியேற்ற அன்றே உலகின் ஏனைய பகுதிகளிலிருந்து வரும் அகதிகளை அனுமதிப்பதை இடைநிறுத்திய ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், ஆபிரிக்கானர்கள் என அழைக்கப்படும் இச்சமூகத்தினருக்கு விசேட ஏற்பாட்டின் கீழ்க் கதவைத் திறந்துவிட்டார். தென்னாபிரிக்க ஜனாதிபதி சிறில் ரமபோசா அதே ஜனவரியில் கையொப்பமிட்ட காணி சுவீகரிப்புச் சட்டம் வெள்ளையின விவசாயிகளின் நிலங்களைப் பறிக்கும் நோக்குடையது என்பது வாஷிங்டன் முன்வைத்த காரணங்களுள் முதன்மையானது. பொதுநலன் கருதி, குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் மாத்திரமே நட்டஈடின்றிக் காணியைப் பெறுவதற்கு அச்சட்டம் இடமளிப்பதாகப் பிரிட்டோரியா பதிலளித்தது. ஆகஸ்ட் மாதத்தில் தென்னாபிரிக்கப் பொருட்கள் மீது 30 வீத இறக்குமதி வரி விதிக்கப்பட்டபோது, அந்நாட்டின் வைன் உற்பத்தியாளர்களும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டனர்.

வல்லரசொன்றுக்கும் ஆபிரிக்க நாடொன்றுக்கும் இடையிலான இந்தப் பிணக்கின் வேரினை இராஜதந்திர அறிக்கைகளில் தேடுவதிலும் பார்க்க, கேப் டவுண் நகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தொலைவில், மூன்று பக்கமும் மலைகள் சூழ அமைந்திருக்கும் சின்னஞ்சிறு ஊரொன்றில் தேடினால் கூடுதல் தெளிவு கிடைக்கும். அவ்வூரின் பெயர் பிரான்ஸ்ஹுக். ஒல்லாந்து மொழியில் ‘பிரெஞ்சுக்காரரின் மூலை’ என்பது அதன் பொருள். அகதிகளால் உருவாகியதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அவ்வூர், திராட்சைத் தோட்டங்களையும் பழைமையான வெண்சுவர் மாளிகைகளையும் காட்டி, உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகளை ஈர்த்துச் செழித்து நிற்கிறது. மரபுரிமையை மூலதனமாக்கி ஒரு சிற்றூர் எவ்வாறு பொருளாதார மீட்சி பெறலாம் என்பதற்கு அது சிறந்த உதாரணமாகும். அந்த மீட்சி எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்பதையும் அதே ஊர் காட்டுகிறது.

1598ஆம் ஆண்டின் நாந்த் பிரகடனம் பிரான்ஸின் புரட்டஸ்தாந்து மக்களுக்கு வழிபாட்டுரிமையை வழங்கியிருந்தது. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அதனை இரத்துச் செய்தான். ஹியூகெனோக்கள் எனப்பட்ட அம்மக்கள் தமது சமய நம்பிக்கைக்காகத் தாயகத்தைத் துறந்து அயல்நாடுகளுக்கு ஓடினர். அவர்களுள் ஏறக்குறைய 200 பேரை ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி 1688 முதல் நன்னம்பிக்கை முனைக்கு அழைத்துச் சென்று குடியமர்த்தியது. யானைகளின் நடமாட்டம் மிகுந்திருந்ததால் ‘யானை மூலை’ எனப் பெயர் பெற்றிருந்த பள்ளத்தாக்கில் அவர்களிற் சிலருக்குக் காணி வழங்கப்பட்டது. நமது கிரிக்கெட் இரசிகர்களுக்கு நன்கு பழக்கமான டி வில்லியர்ஸ், டு பிளெசி போன்ற குடும்பப் பெயர்கள் அந்தக் குடியேற்றத்தின் எச்சங்களே. கம்பனியின் கொள்கையினால் பிரெஞ்சு மொழி அங்கு நிலைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியாகும்போது அவர்களின் சந்ததியினர் ஒல்லாந்து மொழியினராகவே மாறிவிட்டனர்.

அகதிகளுக்குக் காணி கிடைத்தது என்றால் அந்தக் காணி யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற கேள்வி தவிர்க்கவியலாதது. கால்நடை மேய்த்துத் திரிந்த கொய்கொய் மக்களினதும் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களினதும் வாழிடமாக அப்பிரதேசம் இருந்தது. அவர்கள் படிப்படியாக மேய்ச்சல் நிலங்களையும் நீர்நிலைகளையும் இழந்தனர். எஞ்சியோர் தமது முன்னோரின் நிலத்திலேயே கூலிகளாயினர். கேப் பிரதேசத்தின் அரிய மது வகைகள் ஐரோப்பாவில் புகழ்பெறுவதற்கு முன்னரே, அதற்கான உழைப்பு முறைமை இவ்வாறு உருவாகிவிட்டது.

இக்கதையில் எமது பிராந்தியத்துக்கும் பங்குண்டு. 1650களுக்கும் அடிமை வர்த்தகம் தடைசெய்யப்பட்ட 1808ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 63,000 பேர் அடிமைகளாகக் கேப் பிரதேசத்துக்குக் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பகுதியினர் இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். ஏனையோர் கிழக்காபிரிக்கா, மடகஸ்கார், இன்றைய இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டனர். சொந்தப் பெயர் பறிக்கப்பட்டு, வந்த இடத்தின் பெயர் அவர்களுடன் ஒட்டப்பட்டது. வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை என்பன மனிதர்களின் பெயர்களுக்குப் பின்னால் முத்திரைகளாகின. அங்கேயே பிறந்த அடிமைக் குழந்தை ‘வன் டெ காப்’, அதாவது ‘கேப்பினைச் சேர்ந்தது’ எனப் பதியப்பட்டது. திராட்சைக் கொடியை நட்டதும், மிதித்துச் சாறு பிழிந்ததும், இன்று உல்லாசப் பயணிகள் படமெடுக்கும் வெண்சுவர் மாளிகைகளுக்குக் கல் சுமந்ததும் பெரும்பாலும் இவர்களின் கைகளே.

இலங்கை முஸ்லிம்கள் அறிந்திருக்கவேண்டிய ஒரு பெயரும் இந்த வைன் நாட்டு மண்ணில் புதைந்துள்ளது. இந்தோனேசியாவின் மக்காசார் பிரதேசத்தைச் சேர்ந்த ஷெய்க் யூசுப், பாண்டென் சுல்தானகத்தில் ஒல்லாந்தரை எதிர்த்துப் போராடிக் கைதுசெய்யப்பட்டு 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். மக்காவுக்குச் செல்லும் யாத்திரிகர்கள் தங்கிச் செல்லும் இடமாக இலங்கை விளங்கியதால் அவரது செல்வாக்கு இங்கிருந்தும் கிழக்கே பரவக்கூடும் எனக் கம்பனி அஞ்சியது. 1694இல், குடும்பத்தினரும் சீடர்களுமாக 49 பேருடன் அவர் கேப்புக்கு அனுப்பப்பட்டு, ஸ்டெலன்பொஷ் நகருக்கு அப்பாலுள்ள ஒரு பண்ணையில் ஒதுக்கி வைக்கப்பட்டார். தப்பியோடிவந்த அடிமைகள் அங்கே அவரை நாடிச் சென்றனர் எனவும் தென்னாபிரிக்க இஸ்லாத்தின் முதல் சமூகங்களில் ஒன்று அங்குதான் உருவாகியது எனவும் கூறப்படுகிறது. அவர் 1699இல் காலமானார். சமயத்துக்காக விரட்டப்பட்ட பிரெஞ்சுக்காரர் காணி பெற்ற அதே ஆண்டுகளில், அதே நிர்வாகம் நாடுகடத்திய அறிஞர் ஒருவர் சில மலைகளுக்கு அப்பால் காவலில் இருந்தார் என்பது வரலாறு பேசும் இரட்டை நாவுக்குச் சான்றாகும்.

1834 டிசம்பரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோதும், மேலும் நான்கு வருடங்கள் ‘பயிலுநர்’ என்ற பெயரில் அதே எசமானர்களிடம் உழைக்க வேண்டியிருந்தது. பிரித்தானிய அரசாங்கம் தனது பேரரசு முழுவதிலும் நட்டஈடாக ஒதுக்கிய 2 கோடி பவுண் அடிமைகளின் உரிமையாளர்களுக்கே சென்றது. விடுதலை பெற்றவர்களுக்கு ஓர் அங்குல நிலமும் கிடைக்கவில்லை. பிரான்ஸ்ஹுக்குக்கு அண்மையில் 1843இல் மிஷன் கிராமமாகத் தோற்றம் பெற்ற பினியேல் இதற்கு ஓர் அரிய விலக்கு. விடுதலையடைந்த குடும்பங்கள் அங்கே வீடும் சிறு தோட்டமும் பெற்று வேரூன்றின. இன்றும் அவர்களின் சந்ததியினர் அங்கு வாழ்கின்றனர். ஏனையோருக்குப் பழைய எசமானரின் தோட்டத்துக்குத் திரும்புவதைத் தவிர வழியிருக்கவில்லை.

கூலியின் ஒரு பகுதியை மட்டமான வைனாகவே கொடுக்கும் ‘டொப்’ என்ற முறைமை அவ்வாறு திரும்பியவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டது. பகலில் பல தடவைகள் தகரக் குவளையில் ஊற்றப்பட்ட மது, தொழிலாளியின் சிந்தனையையும் சேமிப்பையும் ஒருங்கே கரைத்தது. 1960களில் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் பல பண்ணைகளில் நீடித்தது. கருவிலேயே மதுவினால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகில் மிக உயர்வாகப் பதிவாகிய இடங்களுள் மேற்குக் கேப் மாகாணத்தின் வைன் பிரதேசங்கள் அடங்குகின்றன. மதுவைப் பற்றி எந்தக் கருத்தைக் கொண்டவரானாலும், ஒரு தொழிற்றுறை தனது உற்பத்திப் பொருளையே விலங்காக்கித் தொழிலாளருக்குப் பூட்டிய இக்கொடுமையை மறுப்பதற்கில்லை.

இனி ஊரின் ‘மரபுரிமை’ எவ்வாறு கட்டியெழுப்பப்பட்டது என்பதை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலொக்ஸெரா என்ற பூச்சி கேப்பின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது இப்பள்ளத்தாக்கும் வீழ்ச்சியுற்றது. சிசில் ரோட்ஸ் மலிந்த விலையில் பண்ணைகளை வாங்கிப் பழச்செய்கைக்கு மாற்றினார். நீண்ட காலம் அது பழமும் மலிவான வைனும் விளையும் ஒதுக்குப்புற ஊராகவே இருந்தது. ஹியூகெனோக்கள் வந்திறங்கிய 250ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு எழுப்பத் தீர்மானிக்கப்பட்ட பெரும் நினைவுச்சின்னம் 1948 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அடுத்த மாதம் நடைபெற்ற பொதுத்தேர்தலில் தேசியக் கட்சி வெற்றிபெற்று இனஒதுக்கலை அரச கொள்கையாக்கியது. 1950ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டத்தின் கீழ், நாட்டின் ஏனைய ஊர்களிற் போலவே இங்கும் நடுத்தெரு வெள்ளையருக்கும் ஊரின் ஓரம் கலப்பினத்தவருக்கும் என வகுக்கப்பட்டது. நினைவுச்சின்னத்தின் சுதந்திரப் பெண்மணி கையில் உடைந்த சங்கிலியுடன் நிற்க, ஊரின் உழைப்பாளிகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

1984இல் உள்ளூர் வைன் உற்பத்தியாளர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துப் பிரெஞ்சுப் பெயரையும் வரலாற்றையும் விற்பனை அடையாளமாக்கினர். 1990 பெப்ரவரி 11ஆம் திகதி நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியேறிய காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த விக்டர் வெர்ஸ்டர் சிறைச்சாலை பாள் நகருக்கும் பிரான்ஸ்ஹுக்குக்கும் இடையிலான வீதியிலேயே அமைந்துள்ளது. அவர் திறந்துவிட்ட அரசியல் வாயில், வைன் தொழிற்றுறைக்கும் வாயிலாகியது. பொருளாதாரத் தடைகள் நீங்கியதும் 1994இல் ஏறக்குறைய 5 கோடி லீற்றராக இருந்த தென்னாபிரிக்க வைன் ஏற்றுமதி, 2013ஆம் ஆண்டில் 50 கோடி லீற்றரைத் தாண்டியது. பிரான்ஸ்ஹுக்கில் உணவகங்களும் விடுதிகளும் பெருகின. ஜூலை 14ஆம் திகதியையொட்டிப் பிரெஞ்சு விழாக் கொண்டாடப்படுகிறது. கைவிடப்பட்டிருந்த ரயில் பாதையில் 2012 முதல் பண்ணைகளைச் சுற்றிக்காட்டும் ‘வைன் டிராம்’ ஓடுகிறது. இந்தியத் தொழிலதிபர் அனல்ஜித் சிங் உட்பட வெளிநாட்டவரின் முதலீடும் வந்து சேர்ந்தது.

இம்மறுமலர்ச்சியை வெறும் வேடம் எனத் தள்ளிவிடுவது நியாயமன்று. உதிர்ந்துகொண்டிருந்த கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. சமையலறையிலும் விடுதியிலும் வைன் நிலவறையிலும் புதிய தொழில்கள் தோன்றின. உள்ளூரில் பிறந்து வளர்ந்த கலப்பினச் சமையற் கலைஞர் ரூபன் ரிஃபல் 2004இல் அதே ஊரில் தனது பெயரிலேயே உணவகம் திறந்து நாடறிந்தவரானார். வைன் தொழிற்றுறை நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்கு வேலை வழங்குவதாக மதிப்பிடப்பட்டுள்ள நாட்டில், வேலையின்மை மிக மோசமான பிரச்சினையாக இருக்கும் நிலையில், இவை அற்பமானவையல்ல.

ஆனால் ஊரின் மேற்புறச் சரிவில் லாங்ரக் என்ற குடிசைக் குடியிருப்பு நிற்கிறது. பருவகாலப் பண்ணைத் தொழிலாளர்கள் 1990களின் தொடக்கம் முதல் அங்கு தகரக் கொட்டில்களை அமைத்து வாழத் தலைப்பட்டனர். குடிநீர்க் குழாயையும் மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் அவ்விடத்திலிருந்து பார்த்தால், கீழே ஆடம்பர விடுதிகளின் கூரைகள் தெரியும். அவ்வாறான குடியிருப்புகள் பெருகியதற்குச் சட்டமொன்றின் எதிர்பாராத விளைவும் ஒரு காரணமாகும். பண்ணைகளில் வசிப்போரை நினைத்தவாறு வெளியேற்றுவதைத் தடுக்க 1997இல் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் பிடிக்குள் வருவதைத் தவிர்க்க விரும்பிய பல உரிமையாளர்கள், நிரந்தரத் தொழிலாளர்களைக் குறைத்து ஒப்பந்தக்காரர் ஊடாகப் பருவகாலத்துக்கு ஆட்களை எடுக்கத் தொடங்கினர். 1994 முதல் 2004 வரையான பத்தாண்டுகளில் மாத்திரம் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டதாக 2005இல் வெளியான தேசிய ஆய்வொன்று தெரிவித்தது. வேலை போனால் வீடும் போகும் என்பதன் பொருளை லயன் அறைகளை அறிந்த எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2011இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் மேற்குக் கேப்பின் பழ, வைன் பண்ணைகளில் நிலவிய வீட்டு நிலைமைகளையும் பாதுகாப்பின்றிக் கிருமிநாசினிக்கு உட்படுத்தப்படுவதையும் பற்றிக் கடுமையான அறிக்கையை வெளியிட்டது. மறு ஆண்டு நவம்பரில் டி டூர்ன்ஸ் என்ற இடத்தில் வெடித்த வேலைநிறுத்தம் மாகாணம் முழுவதும் பரவியது. நாளொன்றுக்கு 69 ராண்டாக இருந்த குறைந்தபட்சக் கூலியை 150 ராண்டாக உயர்த்துமாறு தொழிலாளர் கோரினர். உயிரிழப்புகளுக்குப் பின்னர் 2013 மார்ச்சில் அது 105 ராண்டாக்கப்பட்டது. 2019இல் தேசிய குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தபோதும் பண்ணைத் தொழிலாளருக்குக் குறைந்த வீதமே நிர்ணயிக்கப்பட்டது. 2021இலேயே அவர்கள் ஏனையோருடன் சமநிலைப்படுத்தப்பட்டனர்.

இவ்விரு பக்கங்களையும் இணைத்துவைக்க ஒரு துணிச்சலான முயற்சி இதே பள்ளத்தாக்கில் மேற்கொள்ளப்பட்டது. நரம்பியல்சார் உளவியலாளரான மார்க் சொல்ம்ஸ் தாயகம் திரும்பி டெல்டா என்ற பண்ணையை வாங்கினார். அங்கு வாழ்ந்த தொழிலாளர்களுடன் பேசத் தொடங்கிய அவர், கடந்தகாலத்தைத் தோண்டாமல் முன்னோக்கி நகர முடியாது என்ற முடிவுக்கு வந்தார். சொல்லளவில் மாத்திரமன்றித் தொல்லியலாளரைக் கொண்டு உண்மையாகவே மண் தோண்டப்பட்டது. கற்காலக் கருவிகளும் பழைய கட்டடங்களின் அத்திவாரங்களும் வெளிப்பட்டன. ‘வன் டெ காப்’ என்ற பெயரிலேயே நூதனசாலை அமைக்கப்பட்டு, பண்ணையில் உழைத்த அடிமைகளின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டன. அத்துடன் நின்றுவிடாமல், சொல்ம்ஸும் அயற்பண்ணையாளரான ரிச்சர்ட் ஆஸ்டரும் தமது காணிகளைப் பிணையாக வைத்துக் கடன்பெற்று, தொழிலாளர்களின் நம்பிக்கை நிதியம் மூன்றாவது பண்ணையொன்றை வாங்க வழிசெய்தனர். கூட்டு நிறுவனத்தில் தொழிலாளருக்கு மூன்றிலொரு பங்கு கிடைத்தது. வீடுகள் திருத்தப்பட்டன, பிள்ளைகளின் கல்விக்கு உதவி கிடைத்தது.

நாட்டின் காணிச் சீர்திருத்தத்துக்கு முன்மாதிரி எனப் போற்றப்பட்ட அம்முயற்சியில் பின்னர் அரசாங்கமும் பங்காளியாகியது. எனினும் 2017இல் அந்நிறுவனம் கடனைச் செலுத்த முடியாமல் வணிக மீட்பு நடைமுறைக்குள் சென்றது. பங்குதாரர்களாக இருந்த தொழிலாளர்கள் தமது வேலையும் இருப்பிடமும் என்னவாகும் என்று அஞ்சும் நிலை ஏற்பட்டது. இத்தோல்வியைக் காட்டி, காணிப் பகிர்வே வீண் எனச் சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதம் மேலோட்டமானது. வைன் பண்ணை என்பது பெரும் முதலீட்டை விழுங்கி, நடப்பட்ட கொடி பயன்தர வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டிய தொழில். செல்வந்தர் பலர் வேறிடத்தில் ஈட்டிய இலாபத்தைக் கொண்டே அதனை நடத்துகின்றனர். கடனில் மூழ்கிய நிறுவனத்தின் பங்கு, கையில் எதுவுமற்றவருக்குச் சொத்தாவதில்லை. நட்டத்தின் பங்காகவே அது மாறுகிறது. தொழிலாளரை ஆபத்துமிக்க வணிகமொன்றில் பங்காளியாக்குவதற்கு முன்னர், அவ்வணிகம் வீழ்ந்தாலும் வீழாத ஒன்றை அவர்களுக்கு உறுதிசெய்திருக்க வேண்டும். அது அவர்கள் குடியிருக்கும் வீட்டினதும் அதனைச் சுற்றிய நிலத்தினதும் உறுதியாகும்.

பினியேல் கிராமம் இதற்கு உயிருள்ள சான்று. அங்கு பெரும் முதலீட்டாளர் எவரும் இருக்கவில்லை. ஆயினும் வீடு வேலையிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தமையால், பண்ணைகள் கைமாறியபோதும் பூச்சி அழித்தபோதும் அச்சமூகம் கலையாமல் நின்றது; ஆசிரியர்களையும் கைவினைஞர்களையும் உருவாக்கியது. கொவிட் பெருந்தொற்றின்போது, 2020, 2021ஆம் ஆண்டுகளில் தென்னாபிரிக்க அரசாங்கம் நான்கு தடவைகள் மது விற்பனையைத் தடைசெய்தது, விமானங்களும் வரவில்லை. உல்லாசப் பயணத்தையும் வைனையும் நம்பியிருந்த ஊர் ஒரேயடியாக ஸ்தம்பித்தது. முதலாளிக்கு அது நட்டம். வேலையோடு வீடும் ஒட்டியிருந்தவனுக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. 2025இன் அமெரிக்க வரியும் அதே வேறுபாட்டையே மீண்டும் உணர்த்தியது.

இப்பின்னணியிலேயே காணி சுவீகரிப்புச் சட்டம் பற்றிய கூச்சலைப் பார்க்க வேண்டியுள்ளது. 2017ஆம் ஆண்டின் அரசாங்கக் காணிக் கணக்கெடுப்பின்படி, தனிநபர்கள் பெயரிலுள்ள விவசாய நிலத்தில் 72 வீதம், சனத்தொகையில் பத்திலொரு பங்குக்கும் குறைவான வெள்ளையினத்தவரிடம் இருந்தது. கறுப்பினத்தவர் காணி வாங்குவதை நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 வீதத்துக்குள் மட்டுப்படுத்திய 1913ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலைக்கு அடித்தளமிட்டது. அதேவேளை, ஆளும் தரப்பும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் மூன்று தசாப்தங்களாக ஆட்சியிலிருந்தும், அரசாங்கம் வாங்கிய காணிகளிற் பெரும்பகுதியை உழுபவரின் பெயருக்கு மாற்றாமல் குத்தகைக்கே கொடுத்து வந்துள்ளது. உரிமையாளர் மாறினாலும் குடியிருப்பவர் குடியிருப்பவராகவே இருந்தால், சீர்திருத்தம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

எனவே பிரான்ஸ்ஹுக் போன்ற ஊர்களின் மீட்சியை உணவகங்களின் எண்ணிக்கையாலோ உல்லாசப் பயணிகளின் செலவினாலோ மாத்திரம் அளவிட முடியாது. தலைமுறைகளாகப் பண்ணையில் உழைத்த குடும்பத்துக்கு வேலையுடன் பிணைக்கப்படாத வீட்டுறுதி கிடைத்ததா, லாங்ரக்கின் குழாய்களுக்கும் பாதைகளுக்கும் ஸ்டெலன்பொஷ் மாநகர சபை ஊரின் நடுத்தெருவுக்குக் காட்டும் அக்கறையைக் காட்டுகிறதா, விடுதிகள் வாங்கும் காய்கறியிலும் சேவையிலும் உள்ளூர்ச் சிறு உற்பத்தியாளருக்குப் பங்குண்டா என்பனவே அளவுகோல்களாக வேண்டும். இவற்றுள் எதுவும் கொடிகளைப் பிடுங்கவோ மாளிகைகளை இடிக்கவோ கோருவதில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் அஞ்சி ஓடவேண்டிய எதுவும் இவற்றில் இல்லை.

துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த ஒரு சமூகம் புதிய மண்ணில் வேரூன்றியதற்கு அடிப்படைக் காரணம், வந்த சில ஆண்டுகளிலேயே அதற்குக் காணி எழுதிக் கொடுக்கப்பட்டமையாகும். 1688இல் ஹியூகெனோக்களுக்கு அது தேவைப்பட்டது என்றால், 1838இல் விடுதலைபெற்ற வங்காளத்தினதும் சோழமண்டலக் கரையினதும் மொசாம்பிக்கினதும் பிள்ளைகளுக்கும் அது தேவைப்பட்டது. லாங்ரக்கின் சரிவில் வாழ்வோருக்கு இன்றும் தேவைப்படுகிறது. தமது முன்னோரின் அகதி வரலாற்றில் பெருமை கொள்வோருக்கே இந்த நியாயம் முதலில் விளங்கியிருக்க வேண்டும். அடிமைகளின் பெயர்களைச் சுவரில் பொறிப்பது அவசியமான தொடக்கம்தான். அப்பெயர்களைத் தாங்கிய குடும்பங்கள் காணி உறுதியிலும் இடம்பெறும் நாளிலேயே அந்தப் பள்ளத்தாக்கின் மறுமலர்ச்சி முழுமை பெறும்.